நாலு பக்கமும் ஒரே கதவு

அன்பு மகள் இளவேனிலுக்கு,

பொம்மனஹள்ளியிலிருந்து அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவது வழக்கம், அதனால் எழுதிவிட்டேன். மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளை தருணும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே, போன் வந்தால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள்.

அப்பா வீடு தெரியாமல் தடுமாறுகிறார் என்று அம்மா சொல்லி நீ அழுதாயாமே. தடுமாறியது உண்மைதான். நீ வாங்கித் தந்த இந்த ஏழாவது மாடியில் லிஃப்டைச் சுற்றி நாலு வீடு, நாலும் ஒரே அச்சு. போன வாரம் ஜம்பமாக உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றினேன், ஒரு அம்மாள் வந்து கன்னடத்தில் யாரு பேக்கு என்றாள், என் வீட்டுக்கே வந்து யார் வேண்டும் என்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அசோசியேஷன் ரங்கநாதன் சார் மாடியின் பிளானைக் காட்டி, லிஃப்ட் இருக்கும் நடுவில் பேனாவை ஊன்றித் தாளைக் கால் வட்டம் திருப்பினார், அதே படம், இன்னொரு கால், மறுபடி அதே படம். கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாகியிருந்தாலாவது பிடித்துவிடலாம் பாலு சார், இது வெறும் சுற்று, எந்தக் கதவைத் திறந்தாலும் சமையலறை இடது கைப் பக்கம்தான் என்றார். மூணு இறக்கை ஃபேனும் அப்படித்தானாம், ஒரு இறக்கை அளவு திருப்பி வைத்தால் திருப்பியதே தெரியாதாம். கணக்கில் கோட்டை விட்டே வளர்ந்த எனக்கே புரிந்துவிட்டது. கோளாறு மண்டையில் இல்லை, கட்டடத்தில் என்று நிம்மதியாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தயிர் வாங்கிக்கொண்டு மேலே வந்தால் நம் வீடு பூட்டியிருந்தது. எதிர்வீடு இன்னும் விற்காதது, பெயின்ட் அடிக்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து அம்மா குரல், ஏன் வெளியிலேயே நிக்கிறீங்க, வாங்க என்று. போனேன். சாமான் ஒன்றும் இல்லை. நம் சோபா இருக்கிற அதே இடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறாள், விரல்கள் அவரைக்காய்க்கு நார் உரிக்கின்றன, கையில் காய் இல்லை. நம் ஹாலில் அந்த நேரத்துக்கு வெயில் வராது, அங்கே அவள் முதுகு முழுக்க வெயில், அந்த ஒன்றுதான் தப்பாக இருந்தது. ஃபேனைப் போடுங்க, புழுங்குது என்றாள். மேலே கொக்கி மட்டும் இருந்தது. போட்டுட்டேன் என்றேன். ம், இப்பப் பரவாயில்லை என்று கண்ணை மூடிக்கொண்டாள். கையைப் பிடித்து நம் வீட்டுக்குக் கூட்டி வந்ததும், நீங்கதான் அடுத்த வீட்டுக்குள்ள போயிட்டீங்க, உங்களைத் தேடி வந்தேன் என்று திட்டினாள். ஆமாம் என்றேன்.

நீதான் ஒரு நல்ல டாக்டராகப் பார்த்து நேரம் வாங்க வேண்டும். என் பெயரிலேயே வாங்கு, எனக்குத் துணை என்றால் அவள் முதலில் கிளம்புவாள். பார்க்க வேண்டியது யாரை என்று டாக்டரிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடுங்கள். மறக்காதே, போனில் அம்மாவிடம் வழக்கம்போல என் தடுமாற்றத்தைப் பற்றியே விசாரி.

ஆசிகளுடன்,
உன் அப்பா
பாலசுப்ரமணியன்