எல்லைக்கு அப்பால் ஒரு குழி

அண்டார்டிகா
4 நவம்பர் 1990

அன்புள்ள ஆர்லீன் அக்காவுக்கு,

நலம், இருமல்தான் விடவில்லை. நம் அரசாங்க ஆய்வு முகாமுக்கு வண்டி பழுதுபார்க்க வந்த எனக்கு வாரம் ஒருநாள் குப்பைக்குழி முறையும் உண்டு. பிளாஸ்டிக், பெயின்ட் டப்பா, மிச்ச இறைச்சி எல்லாவற்றையும் திறந்தவெளியில் எரிக்கிறோம். பனிமேல் கரி படிகிறது.

“ஊர்ல இப்படி எரிச்சா உள்ள தள்ளிடுவாங்களே” என்றேன்.

மேற்பார்வையாளர் சிரித்தார். “இங்க பெங்குவினா வந்து கேஸ் போடும்? கொளுத்துப்பா.”

அரசாங்க வக்கீல் நீ. யாரிடமாவது சொல்லேன்.

தம்பி டுவைட்

வாஷிங்டன்
10 டிசம்பர் 1990

அன்புத் தம்பி,

மருந்தும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன்.

வழக்கு வந்துவிட்டது. சுற்றுச்சூழல் சங்கம் ஒன்று போட்டிருக்கிறது. அரசு எதைச் செய்தாலும், மண்ணுக்கும் காற்றுக்கும் என்ன கேடு என்று முன்கூட்டியே ஆராய்ந்து எழுதிவைக்க வேண்டும் என்பது நம் சட்டம். உங்கள் குழிக்கும் அது பொருந்தும் என்கிறார்கள். நாட்டு எல்லையோடு சட்டம் நின்றுவிடுகிறது என்று அரசுக்காக வாதாடப்போவது நான்தான்.

இனிக் குழியைப் பற்றி எனக்கு எழுதாதே. கிறிஸ்துமஸுக்கு என்ன சமைத்தார்கள் என்று எழுது.

அக்கா

அண்டார்டிகா
6 ஜனவரி 1991

அக்கா,

வாத்து சமைத்தார்கள். நன்றாயிருந்தது.

சங்கத்தார் கேட்டார்கள், பார்த்ததையெல்லாம் சொல்லி வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுவிட்டேன். அடுத்த மாதத்தோடு எனக்கு இங்கே வேலையில்லை. மறுபடி கூப்பிடவும் மாட்டார்களாம்.

உன்னை மாட்டிவிடச் செய்ததல்ல இது. வேறு யாராவது வாதாடட்டும். நீ விலகிக்கொள், அக்கா.

டுவைட்

வாஷிங்டன்
19 பிப்ரவரி 1991

டுவைட்,

விலகியிருக்கலாம். மேலதிகாரியிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். “உன் இஷ்டம்” என்றார். விலகவில்லை. பத்து வருடம் காத்திருந்து கிடைத்த பெரிய வழக்கு இது.

நீ கையெழுத்திட்ட தாளைக் கையில் வைத்துக்கொண்டே, “இதில் உள்ளதெல்லாம் உண்மையாக இருந்தாலும் சட்டம் அங்கே செல்லாது” என்றேன்.

நீதிபதி கேட்டார்: “அந்தப் பனி எந்த நாட்டுக்குச் சொந்தம்மா?”

“எந்த நாட்டுக்கும் இல்லைங்க.”

“அப்போ நம்ம சட்டம் அங்க போனா, யாரு கோவிச்சுக்கப்போறாங்க?”

முன்பு சொன்னதையே திருப்பிச் சொன்னேன். இருந்தும் நேற்று தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நானும் ஒரு துண்டு தின்றேன், டுவைட். அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

சங்கத்தார் மேல்முறையீடு செய்கிறார்கள். அதில் நான் வாதாடவில்லை என்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காலம் கடந்த காரியம், தெரியும்.

நீ வந்திறங்கும் மார்ச் இரண்டாம் தேதி விமான நிலையத்துக்கு வருவேன். வாசல் பக்கம் நிற்பேன். பேசப் பிடிக்கவில்லையென்றால் கடந்து போய்விடு. பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன்.

ஆர்லீன்