நாலு பேருக்கு ஒரு இன்ஹேலர்

அன்பு மகளுக்கு,

உன் கல்லூரி உன் மூச்சைக் கெடுத்துவிட்டது, நீ அதை எங்களிடம் மறைத்துவிட்டாய். நாங்கள் நலம், நீ நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் தொடங்குவேன், இந்தத் தடவை கேட்கவில்லை, பதில் தெரிந்துவிட்டது. அப்பா பட்டறைக்குப் போய்வருகிறார், தம்பி பரீட்சை முடிந்து நாளெல்லாம் தூங்குகிறான், மாடி வீட்டுக்காரி தண்ணீர் மோட்டாருக்காக இன்னும் சண்டை போடுகிறாள்.

உன் அறைத்தோழி, நீங்கள் தும்மல் ராணி என்று கூப்பிடுவீர்களே, அவள் விடுமுறைக்குப் போகிற வழியில் நீ கொடுத்தனுப்பிய பையைக் கொடுக்க வந்தாள். வந்து உட்கார்ந்ததிலிருந்து தும்மல்தான். சளியா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஐயோ ஆன்ட்டி, எங்க நர்சிங் வகுப்புல இதெல்லாம் ஒண்ணுமே இல்ல, மூணுல ஒருத்திக்கு ஏதாவது அலர்ஜி இருக்கு, ஒருத்திக்கு அரிப்பு, ஒருத்திக்குத் தடிப்பு, உங்க பொண்ணுக்கு வீசிங்" என்றாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

விடுவேனா, எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். பொடி தூவிய மலிவான ரப்பர் கையுறை உங்களுக்கு, பொடியில்லாத நல்ல கையுறை பெரிய டாக்டர்களுக்காம். பொடி பறந்து மூக்கில் ஏறினால் நீங்களே ஒருத்திக்கொருத்தி டாக்டராகி மாத்திரை எழுதிக்கொள்வீர்களாம். அதுவும் போதாமல் நாலு பேர் சேர்ந்து ஒரே இன்ஹேலரை வாங்கி, வார்டு வாசலில் ஆளுக்கொரு தடவை உறிஞ்சிவிட்டுக் கைமாற்றுவீர்களாம். போன வாரம் கட்டுப் போடும் அறையில் உனக்கு நெஞ்சடைத்தபோது அது காலி. மருந்து தீர்ந்ததை இன்னொருத்தி பார்த்து வேறு வாங்கியிருப்பாள் என்று நாலு பேரும் இருந்துவிட்டீர்கள். நீ உதடு நீலமாகித் தரையில் கிடந்தாயாம், மேல் வகுப்புக்காரி ஒருத்தி தன்னுடைய இன்ஹேலரோடு ஓடி வந்ததால் பிழைத்தாயாம். மேற்பார்வை நர்ஸ் வந்து, "நோயாளியப் பாக்க வந்தியா, நோயாளியா வந்தியா?" என்று கேட்டதற்கு, சாப்பிடவில்லை, மயக்கம் என்று சொன்னாயாம். எங்களிடம் ஜலதோஷம் என்றாய்.

அப்பாவிடம் சொன்னேன். "மருந்து குடுக்கப் படிக்கிறவளுக்கே மருந்து இல்லன்னா நம்மள யாருடி பாப்பாங்க?" என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. எங்கள் தையல் கூடத்தில் பஞ்சு தூசியில் ஒருத்தி இருமினால், முடியாதவர்கள் வீட்டில் இருங்கள் என்பான் சூப்பர்வைசர். நீ படித்தால் அந்தப் பேச்சைக் கேட்க வேண்டியிருக்காது என்றுதான் இத்தனை வருஷமும் அந்தத் தூசியைத் தின்றேன். நோயாளி வந்தால் எது சேராது என்று கேட்டு மணிக்கட்டில் சிவப்புப் பட்டை கட்டுகிறீர்கள். உங்களிடம் அதைக் கேட்க அந்தக் கட்டடத்தில் ஒரு ஆள் இல்லை. தகுதியில்லை என்று வார்டிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறாயாம். உங்கள் பயம் இருக்கிறவரைக்கும் அவர்களுக்கு மலிவான கையுறையே போதும். வாயைத் திறந்தால் நீ ஒருத்தி இல்லை, வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு.

நீ நீண்ட நாள் நிம்மதியாக மூச்சு விட்டு வாழ வேண்டும், அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். உனக்கென்று தனி இன்ஹேலர் வாங்கு, சிநேகிதம் என்று யாருக்கும் நீட்டாதே, நல்ல மருத்துவரிடம் போய் நெஞ்சைக் காட்டு.

இப்படிக்கு,
உன் மேல் கோபத்தோடும் உன் நினைப்போடும்,
அம்மா

பி.கு. நேற்று போனில் இரண்டு தடவை கேட்டேன், சத்தம் கேட்கவில்லை என்று வைத்துவிட்டாய். மறுபடி கேட்கிறேன். அந்த மேற்பார்வை நர்ஸிடம் உண்மையை எப்போது சொல்லப் போகிறாய்? எந்த நாள் என்று சொல்.