ஆடி அமாவாசைக்கு முதல் பார்க்கவேண்டிய இடங்கள்

புளியங்குளம்
8.7.1960

அன்பு மகன் பாலனுக்கு,

அம்மா எழுதுறன். பிள்ளையாற்றை கிருபையாலை நானும் தங்கச்சி ஜெகதீஸ்வரியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறம், நீயும் அங்கை நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாய் இருக்கவேணும் எண்டுதான் விளக்கு வைக்கிற நேரமெல்லாம் கேக்கிறது. உன்ரை கடிதம் கிடைச்சுது. சிறுபோகம் பறுவாயில்லை, குளத்திலை தண்ணி கிடக்கு. எங்கடை பசு சிவப்பி நாகு கண்டு போட்டிருக்கு, அதைத் தங்கச்சி தூக்கிக்கொண்டு திரியிறாள்.

கொழும்பைப் பார்க்க வரச்சொல்லி எழுதியிருக்கிறாய். காலிமுகத்திடலிலை காத்து வாங்கலாம், தெகிவளையிலை சிங்கம் புலி பார்க்கலாம், கோட்டையிலை ஐஸ்கிறீம் குடிக்கலாம், தங்கச்சிக்கு மெயின் வீதியிலை சீத்தைத் துணி எடுக்கலாம் எண்டு நீ எழுதினதை வாசிக்க வாசிக்க அவளுக்கு வாயெல்லாம் பல்லு. எனக்கு அந்த ஊரிலை பார்க்கிறதுக்கு ஒரு ஆள்தான் இருக்கிறார். ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்கு முதல் கிழமை, வோட்டர் பம்புக்குச் சாமான் வாங்கிக்கொண்டு நாளைக்கு வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டு இந்த ஸ்ரேசனிலை ரெயில் ஏறின மனுசன். கொழும்பிலை இருந்து அகதிச் சனம் கப்பலிலை வந்து இறங்கேக்கை அப்புத்துரைப் பெரியப்பா காங்கேசன்துறையிலை போய் நிண்டு ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தவர், அதுக்குள்ளையும் அப்பா இல்லை. செத்துப்போனார் எண்டு சொல்லவும் ஒருதரும் இல்லை, இருக்கிறார் எண்டு சொல்லவும் ஒருதரும் இல்லை. இரண்டு வருசம் இப்பிடியே போட்டுது.

அங்கை வேலை கிடைச்சுப் போன நாள் முதல் நீ தேடுறாய், தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி, பொலிஸ் எண்டு தேடுறாய். உன்ரை அப்பா அங்கையெல்லாம் போற ஆளோ. அவர் சாப்பிடுற இடத்திலை, குடிக்கிற இடத்திலை தேடு. புறக்கோட்டையிலை இரும்புச் சாமான் விக்கிற கடையளுக்குப் போ. வாங்கிறாரோ இல்லையோ, மண்வெட்டியைத் தூக்கி நகத்தாலை தட்டிச் சத்தம் கேளாமல் அவருக்கு அந்தத் தெருவைத் தாண்ட ஏலாது, கடைக்காரர் கட்டாயம் ஏசியிருப்பினம், ஏசின ஆளை மறக்கமாட்டினம். தேத்தண்ணிக் கடையெண்டால் வாங்கிலை இரார், நிண்டுகொண்டு சீனியை உள்ளங்கையிலை வாங்கி நக்கி நக்கிப் பிளேன்ரீ குடிப்பார். மச்சம் மாமிசம் சமைக்கிற கடையிலை பச்சைத்தண்ணியும் வாயிலை வைக்கமாட்டார். செட்டியார்தெருப் பக்கத்துச் சைவக் கடையளிலை, இடியப்பத்துக்குச் சொதியை மூண்டாந்தரமும் கேட்டு வாங்கிற ஆள் ஆரும் வாறதோ எண்டு பரிமாறுறவையைக் கேள். முதலாளியைக் கேளாதை, அவருக்குக் காசு நீட்டுற கைதான் தெரியும். கொச்சிக்கடைச் சிவன்கோயில் வீதியிலை படுத்திருக்கிறவையின்ரை முகத்தையும் பார், வெக்கப்படாதை.

முல்லைத்தீவிலை இருந்து கருவாடு ஏத்திக்கொண்டு அங்கை போறவரல்லோ கச்சு முகம்மது நானா, அவரும் போற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். போன மாசம் மீன் சந்தைக்குப் பக்கத்திலை அப்பாவைப் போல ஒராளைக் கண்டு தில்லையர் எண்டு கூப்பிட்டவராம், அந்த ஆள் ஒருக்காத் திரும்பிப் பார்த்திட்டு நடந்திட்டாராம். திரும்பிப் பார்த்தவர் எண்டதே எனக்குக் காணும் எண்டு சந்தோசப்பட்டன். பிறகு மனம் சொல்லுது, பின்னாலை சத்தம் கேட்டால் ஆரெண்டாலும் திரும்பித்தானே பார்ப்பினம்.

இப்ப, இந்த முறை விரதம் பிடிக்கிறதோ எண்டு நீ கேட்ட கதைக்கு வாறன். ஆடி அமாவாசை கிட்டுது. தகப்பன் இல்லாத பிள்ளையள் பிடிக்கிற விரதம், தகப்பன் இருக்கிறவன் பிடிக்கக்கூடாது. அதாலைதான் போன வருசம் நான் உன்னைப் பிடிக்க விடேல்லை. இந்த முறை பெரியப்பா நெடுங்கேணியிலை இருந்து வந்து முத்தத்திலை நிண்டார், உள்ளுக்கு வாங்கோ எண்டு கூப்பிட்டும் வரேல்லை. "என்ரை தம்பி அங்கை எள்ளுந் தண்ணியும் இல்லாமல் நிக்கிறான், நீ உன்ரை பொட்டுக்காக அவனைப் பட்டினி போடுறாய்" எண்டார். சொல்லிப்போட்டு அவரும் அழுதார். எனக்கு அண்டைக்குச் சோறு இறங்கேல்லை. பசி பொறுக்காத மனுசன், பாலன். வயலாலை வந்தால் கால் கழுவ முதல் குசினிக்குள்ளை பூந்து சட்டியைத் திறந்து பார்க்கிறவர். ஊர் என்னைப் பற்றி என்ன கதைச்சாலும் தாங்குவன், அந்தப் பட்டினி எண்ட சொல்லை என்னாலை தாங்க ஏலாமல் கிடக்கு.

அதாலை ஒரு முடிவு எடுத்திருக்கிறன். நான் எழுதின இடமெல்லாம் முதல் ஒருக்காப் பார். பார்த்தும் இல்லையெண்டால், அமாவாசையண்டு காலமை முகத்துவாரத்துக்குப் போய்க் கடலிலை முழுகி, ஐயரைக் கொண்டு எள்ளுந் தண்ணியும் இறைச்சுப்போட்டு, மத்தியானம் ஒரு நேரம் சாப்பிடு. ஐயர் கேக்கேக்கை அப்பாவின்ரை பேரைத் தெளிவாய்ச் சொல்லு. அண்டைக்குக் கட்டாயம் சமைக்கவேண்டிய காத்தோட்டிக்காய் வெள்ளவத்தைச் சந்தையிலை கிடைக்குமாம், வாங்காதை. பத்தைக்குள்ளை நானே ஆய்ஞ்சு நானாவின்ரை லொறியிலை குடுத்துவிடுறன்.

ஆனால் நான் பொட்டு அழிக்கமாட்டன். அண்டைக்கு நீ அங்கை விரதம், நான் இஞ்சை எண்டைக்கும் போல அவருக்கும் சேர்த்து அரிசி போடுவன். ஒரு குடும்பத்துக்குள்ளை இரண்டு விதமாய்ச் செய்யிறது குத்தமெண்டால் அந்தக் குத்தம் என்னோடை போகட்டும். அவர் இருக்கிறார் எண்டால் அவற்றை பசியை நான் பார்க்கிறன், இல்லையெண்டால் நீ பார்.

வட்டாப்பளை அம்மன் உனக்குத் துணை நிப்பா, நீ நல்லாய் இருப்பாய் மகன். தங்கச்சி துணியை மறக்கவேண்டாமாம். இருட்டினாப் பிறகு தெருத்தெருவாய்த் தனியத் திரியாதை, உன்னையும் தேட எனக்குத் தென்பில்லை.

இப்படிக்கு,
உன்ரை அம்மா
தில்லைநாதன் சிவனேஸ்வரி