ஏழு லீட்டர் என்ஜினுக்கு ஐந்து லீட்டர்

2025 பெப்ரவரி 3

காலையிலிருந்து தூறல். றோலண்ட் முதலாளியின் கராஜில் இன்று ஒரு பஸ்ஸுக்கு பிரேக், ஒரு வேனுக்கு கிளட்ச். மூன்று மணிக்கு ஒரு லொறி வந்து நின்றது. நான் வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். குரல் கேட்டதும் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி நெற்றியில் விழுந்தது.

கந்தப்பன். என் சகலை. என் மனைவி பிரியந்தியின் அக்கா ஜீவராணியைக் கட்டியவன். தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பேரும் கொழுந்து லொறி ஓட்டினோம். இப்போது சொந்தமாக லொறி வாங்கி ராகலையிலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றுகிறானாம்.

“அடுத்த மாசம் ஒயில் மாத்தணும் மொதலாளி. பிரதாப் கையால செய்யட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனான். வேனுக்கு வெளியே நீட்டியிருந்த என் காலைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டிருக்கிறான். என்ன நக்கல் பாருங்கள்!

வரட்டும்.

பெப்ரவரி 5

நடந்ததை எழுதி வைக்கிறேன். ஆறிப் போய்விடக் கூடாது.

2021இல் தோட்டத்து லொறிக்கு நான்தான் ஒயில் மாற்றினேன். தொழிற்சாலை முற்றத்தில் நிறுத்தி, பழையதை வடித்து, புதியதை ஊற்றினேன். அந்த என்ஜினுக்கு ஏழு லீட்டர் போகும் என்பார்கள். ஐந்து ஊற்றியதுமே ஒயில் பார்க்கிற கம்பியில் மேல் கோட்டைத் தொட்டுவிட்டது. துடைத்து மறுபடியும் விட்டுப் பார்த்தேன். அதே கோடு. பழைய ஒயில் அடியில் தங்கியிருக்கும் என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். மிச்சம் இரண்டு லீட்டர் இருந்த கேனை லொறிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஒன்பதாம் நாள் கொழுந்தோடு ஏறும்போது என்ஜின் இறுகி நின்றுவிட்டது. விசாரணை வைத்தார்கள். கந்தப்பனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “ஏத்தத்துக்கு முன்னால பாலத்துக்கிட்ட நான் இவன் வண்டிக் கம்பிய இழுத்துப் பாத்தேங்க. ஒயில் கொறவாத்தான் இருந்துச்சு” என்றான்.

பொய். பச்சைப் பொய். என் இரண்டு கண்ணால் பார்த்த கோடு.

தோட்டத்து மனேஜரான பெரிய துரை அந்தக் கேனைத் தூக்கிக் காட்டி, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் அத்தனை பேருக்கு முன்னால் என்னை ஒயில் திருடன் என்றார். வேலை போயிற்று. தோட்டம் கொடுத்த லயத்து வீடு போயிற்று. அன்றைக்கு நானும் கொஞ்சம் சத்தம் போட்டேன்தான். யாராக இருந்தாலும் போடுவார்கள்.

பிரியந்தி இப்போது மரக்கறிக் கடையில் கரட் கழுவுகிறாள். விரல்கள் எந்நேரமும் ஊறிக் கிடக்கின்றன. அவளுக்கு இருப்பது ஒரே அக்கா. நான்கு வருடமாகப் பேச்சில்லை. அக்கா மகள் பெரியவளான சடங்குக்குக்கூட நான் அவளைப் போக விடவில்லை.

பெப்ரவரி 6

முடிவு செய்துவிட்டேன். அவன் வண்டியும் அதே ஏழு லீட்டர் ரகம். அதற்கும் ஐந்தே லீட்டர்.

பெப்ரவரி 9

ஒரு சிக்கல். அவனும் சாரதி. கம்பியை இழுத்துப் பார்க்காமல் வண்டியை எடுக்க மாட்டான். ஐந்து ஊற்றினால் குறைவு தெரிந்துவிடும்.

இன்று வழி கண்டுபிடித்தேன். கராஜுக்கு உள்ளே சீமெந்துத் தரை சமமாக இருக்கிறது. வாசலில்தான் சரிவு. அந்த ரக லொறிக்குக் கம்பி என்ஜினின் முன்பக்கம். மூக்கு கீழே பார்க்க வாசலில் நிறுத்தினால் ஒயில் முன்னால் வந்து சேரும், கம்பியில் கூடுதலாகக் காட்டும்.

முதலாளியின் லொறியும் அதே ரகம்தான். அதற்கு ஒயில் மாற்ற வேண்டியிருந்தது. சரிவில் நிறுத்தி ஐந்து ஊற்றிப் பார்த்தேன். மேல் கோடு! அச்சாக மேல் கோடு. தனியாக நின்று சிரித்தேன். பிறகு உள்ளே ஏற்றி மிச்ச இரண்டையும் ஊற்றி, ஒழுங்காகக் கொடுத்துவிட்டேன். அவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

“என்னங்க, இன்னைக்கு மொகத்துல ஒரே சந்தோசம்?” என்றாள் பிரியந்தி.

“ஒன்னுமில்ல.”

பெப்ரவரி 11

கண்டிக்குப் போய்த் திரும்பும்போது இறம்பொடை ஏற்றத்தில் நிற்க வேண்டும். மழை பெய்ய வேண்டும். பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்ட வேண்டும். என்ஜினைத் திறந்து பார்த்து அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். யோசிக்க யோசிக்க வயிறு குளிர்கிறது.

பெப்ரவரி 12

ஐந்து லீட்டர், மேல் கோடு. அன்றைக்கும் ஐந்து லீட்டர், மேல் கோடு —

சீச்சீ. தொழிற்சாலை முற்றம் சமதரை. பத்து வருடம் வண்டி நிறுத்திய இடம் எனக்குத் தெரியாதா?

பெப்ரவரி 14

சமதரைதான்.

பெப்ரவரி 16

ஞாயிறு. மனசு கேட்கவில்லை. பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போனேன். தொழிற்சாலை மூடியிருந்தது. காவல்கார மாயாண்டி அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கை கழுவ வேண்டும் என்று சொல்லி ஒரு பேசின் பாத்திரத்தில் தண்ணீர் வாங்கினேன். அதை வழக்கமாக லொறி நிறுத்துகிற இடத்தில் வைத்தேன்.

வாசல் கேற் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டு நின்றது. மறுபக்கம் மூன்று விரல் இறங்கியிருந்தது.

நான் எப்போதும் கேற்றைப் பார்க்கத்தான் நிறுத்துவேன். சுற்றியுள்ள மலையெல்லாம் அதைவிடச் சரிவு. அதனால் அந்த முற்றம் என் கண்ணுக்குத் தரையாகத் தெரிந்திருக்கிறது. பாலத்துக்குப் பக்கத்தில்தான் உண்மையான சமதரை. கந்தப்பன் அங்கேதான் பார்த்தான்.

“என்னடா பிரதாப், கை கழுவலயா?” என்றார் மாயாண்டி அண்ணன். தண்ணீரைக் கொட்டினேன். அது நேரே கேற்றுக்கு ஓடியது.

இன்னொன்றும் எழுதுகிறேன். இதுவரை எழுதாதது. என்ஜின் நின்ற அன்றைக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் கந்தப்பன் என்னிடமும் சொன்னான். “ஒயில் கொறவா இருக்கே, ஊத்திக்க” என்றான். “ஒங்க வண்டிய மட்டும் பாருங்க” என்றேன் நான்.

பெப்ரவரி 17

அவன் பொய் சொல்லியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு பொய். நான்கு வருடமாக அதை வைத்துத்தானே சோறு தின்றேன்.

பெப்ரவரி 24

இவ்வளவு தெரிந்த பிறகும் ஐந்து ஊற்றத்தான் கை துறுதுறுக்கிறது. இது என்ன பிறவிக் குணம்? பிரியந்தி பக்கத்தில் உட்கார்ந்து விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

மார்ச் 4

வந்தான். முதலாளி நுவரெலியாவுக்குப் போயிருந்தார். நானும் அவனும் மட்டும்.

லொறியை வாசல் சரிவில்தான் நிறுத்தியிருந்தான், மூக்கு கீழே பார்க்க. நான் சொல்லாமலே! ஐந்து ஊற்றிக் கம்பியைக் காட்ட வேண்டியதுதான் பாக்கி. சாவியை வாங்கிக்கொண்டு சீற்றில் ஏறி உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு வண்டியை எடுத்துக் கராஜுக்குள் சமதரையில் கொண்டு போய் நிறுத்தினேன்.

வடித்து, ஃபில்டர் மாற்றி, ஏழு ஊற்றினேன். கொஞ்ச நேரம் என்ஜினை ஓட விட்டு, நிறுத்தி, ஒயில் அடியில் இறங்கும் வரை பொறுத்தேன்.

“வந்து கம்பியப் பாருங்க.”

“எதுக்கு? நீதானே ஊத்துன.”

அதைக் கேட்டதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேசின் தண்ணீர், முற்றம், இந்த ஐந்து லீட்டர்த் திட்டம், எல்லாவற்றையும். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் டயர் மேல் உட்கார்ந்தார்.

“முத்தம் சரிவுன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“மறுநாள் தொரைகிட்டப் போயிச் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ திருடல, எடம் சரியில்லன்னு. ஆனா நீ பெரட்டுல வச்சு எல்லாருக்கும் முன்னால என் மேல செருப்பக் கழட்டுனியே. ஜீவராணியும் பாத்துக்கிட்டு நின்னா. போடா, நாசமாப் போன்னு இருந்துட்டேன்.”

கொஞ்சம் சத்தம் போட்டேன் என்று எழுதியிருக்கிறேன். செருப்பைத்தான் கழற்றினேன்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் வேல மிஞ்சியிருக்குமே!” என்றேன்.

“மிஞ்சியிருக்கும்” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்கு அவர் கழுத்தைப் பிடித்திருப்பேன். ஆனால் எந்த முகத்தோடு பிடிப்பது? நேற்று வரை நானும் அதே வேலையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 5

பிரியந்தியிடம் சொன்னேன். என் பங்கு, அவர் பங்கு, இரண்டையும். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்ப ரெண்டு ஆம்பளைங்க மானத்துக்காக நான் நாலு வருசம் எங்கக்கா மூஞ்சியப் பாக்கல. அப்படித்தானே?”

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அக்காவின் நம்பரை அவள் அழிக்கவே இல்லை.

மார்ச் 8

அக்காவும் தங்கச்சியும் நேற்றுக் காலை கினிகத்தேனையில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். எப்போது வருவார்கள் என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் சந்திக் கடைக்குச் சாப்பிடப் போனேன். கந்தப்பன் அண்ணனும் வந்தார். வேறு மேசை காலியில்லை. என் எதிரில் உட்கார்ந்தார். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டோம். அவர் போன் ஒரு தடவை அடித்தது. இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். மரக்கறி வியாபாரி.