கிணறு நீங்கள் பார்த்தது

என் தங்கமான மாப்ளே,

திருமுல்லைவாயிலில் நம் தெருமுனைக்கு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. நான்தான் பேசிக் கொண்டுவந்தேன் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். அதில் என் பங்கு ஒன்றுமில்லை. உங்களுக்காவது இன்று கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

ஆவடி குவார்ட்டர்ஸை விட்டு நீங்கள் சொந்த வீடு கட்டத் தொடங்கியபோது, கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்க நான் வந்தேன். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை நூறு கிணறு பார்த்தவன் என்று அளந்திருந்தேன். பார்த்தது இரண்டு. அதில் ஒன்று ஏற்கெனவே கிணறு இருந்த தோட்டம்.

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனையைச் சுற்றி நடந்தேன். கீழே தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்க வேண்டும். வாசல் பக்கம் வந்ததும் நின்றது.

"மச்சான், கட்ட வெரலு தள்ளலையே?"

"இன்னா மாப்ளே, இப்டி கேட்டுட்டீங்க? ஆத்தா மேல சத்தியமா தானா நின்னுகினு கீது!"

விரல்தான் தள்ளியது. நீங்களோ செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணைத் தொட்டுக் கும்பிட்டீர்கள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம், இல்லையா?

இருபத்தைந்து அடி வரை ஈரமே இல்லை, பாறை தட்டியது. "எவன் கண்ணோ பட்டுடுச்சு" என்றேன். நீங்கள் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "சாமி தண்ணி வெக்காத எடத்துல போய் நாம கேட்டா எப்டி மச்சான்? வெச்ச எடத்தத் தேடுவோம்" என்றீர்கள். அடுத்த ஞாயிறு அக்கம்பக்கத்துக் கிணறுகளில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி ஆழம் பார்த்தீர்கள். தண்ணீர் மேலாக நின்ற பக்கம் பார்த்து, மனையின் பின்மூலையில் தோண்டினீர்கள். பதினெட்டு அடியில் ஊற்று.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த என் தங்கை செல்வி, குழந்தையோடு உங்கள் வீட்டுக்குத் திரும்பினாள். "கெணறு நான் பாத்துக் குடுத்த எடம். குழி, மாப்ள அவசரப்பட்டுத் தோண்டினது" என்று அவளிடம் முந்திக்கொண்டேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு நீட்டினீர்கள். "குடி மச்சான்." அவ்வளவுதான். ஏன் மாப்ளே வாயைத் திறக்கவில்லை?

ஆடி மாசம் தவறாமல் ஆத்தா கோயிலில் தீ மிதித்தவன் நான். நீங்கள் வெள்ளிக்கிழமை கற்பூரம் காட்டுவதோடு சரி. ஆனாலும் ஆத்தா படைத்ததைப் படைத்தபடி ஒத்துக்கொள்வதுதான் கும்பிடுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் ஆத்தாளையே என் பொய்க்குச் சாட்சி கூப்பிட்டேன்.

நேற்று உங்கள் முப்பதாம் நாள் காரியம். படையல் முடிந்து எல்லோரும் சாப்பிடும்போது செல்வி பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொன்னாள்: "எங்கண்ணன் கை ராசி, இத்தினி வருசமா வத்தல. அவர உட்டிருந்தா குழிதான் மிச்சம். அதுக்கு எவ்ளோ திட்டியிருப்பேன்!"

நான் சோற்றிலிருந்து கையை எடுத்தேன்.

"செல்வி, குழிதான் நான் காட்டினது. கெணறு மாப்ள பாத்தது. ஆத்தா மேல பொய் சத்தியம் பண்ணேன்."

"வெளையாடாத அண்ணா."

"இந்த ஒரு வாட்டி வெளையாடல."

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ நான் அவர திட்டினதெல்லாம்?" என்றாள். அதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன் மாப்ளே. உங்களிடம் இருக்கிறதா?

இன்னும் அவள் என்னிடம் பேசவில்லை. பேசு என்று கேட்கவும் மாட்டேன். இனி என் வாய்ச்சவடாலுக்கு ஆத்தாளை இழுக்க மாட்டேன். தெரியாததைத் தெரியாது என்பேன். ஆரம்பத்தில் கொஞ்சம் திக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொருவரிடமும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், உங்கள் பெயரைச் சொல்வேன்.

இப்படிக்கு,
உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொல்லத் துணியாத,
செல்வியின் அண்ணன்