சின்னவனுக்குச் செய்த காப்பர் சுருள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

இங்கே மூன்று பேரும் நலம். அங்கே நீ நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். மூன்றாவது ஆள் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹாலில் ஆறடித் தொட்டிக்குள் படுத்துக்கொண்டு இந்த வீட்டையே ஆட்டி வைக்கிற உன் சுறாதான். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று நீ கேட்பாய். நம் வீட்டு போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், பக்கத்தில் உன் அம்மா இருப்பாள், எனக்கு முறை வந்தாலும் மனதில் இருப்பதைச் சொல்வதற்குள் நீ போனை வைக்க நேரமாகிவிடும். அதோடு இதில் எழுதப்போவது ஸ்பீக்கரில் சொல்கிற விஷயமும் இல்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், முப்பத்தெட்டு வருஷம் ஸ்பேனர் பிடித்த கை.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு தன் வீடு முழுக்க நடக்கிறாள், நடக்கும்போதே எல்லாரையும் அதட்டுகிறாள், அதிலிருந்துதான் குணமாகிவிட்டது என்று தெரிந்துகொண்டோம். மாடிப்படி விளக்கை யாரும் மாற்றுகிற மாதிரி தெரியவில்லை என்று நானே ஏணி போட்டு மாற்றினேன். நீ காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுகிறாயாமே, அது நல்லதில்லை, ரெண்டு வாழைப்பழமாவது சாப்பிட்டுவிட்டுப் போ. இதைக்கூட நீ என்னிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் சொன்னாய், அவள் சுறாவிடம் சொன்னாள், அவள் சொல்லும்போது பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டேன். போன மாதம் வரை என் மகளைப் பற்றிய சேதி எனக்கு இந்த வழியாகத்தான் வந்தது.

சிரிக்காதே. எனக்கு வயிறு எரிந்தது என்பதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. அறுபத்துமூன்று வயது ஆள் ஒரு மீனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்று பட்டறையில் தெரிந்தால் என் மானம் போய்விடும், ஆனால் பட்டது பட்டதுதான். நீ அந்தச் சுறா முட்டையைக் கொண்டுவந்தபோது பழைய தோல் பர்ஸ் மாதிரி இருந்தது, இது எங்கே பொரிக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். பொரித்து ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புப் பட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தது. மூங்கில் சுறாவாம், பெரிதானாலும் மூன்றடிக்கு மேல் போகாதாம், கடிக்காதாம், ஊரில் பலர் வீட்டில் வளர்க்கிறார்களாம் என்று நீ சொன்னபோது தலையாட்டினேன். நீ வெளியூர் கிளம்பும்போது தீனி கொடுக்கிற இடுக்கியை அம்மா கையில் கொடுத்து, இப்படிப் பிடிங்க, மூக்குக்கு நேரா நீட்டாதீங்க, வாய்க்குக் கீழே காட்டுங்க என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாய். நான் அங்கேதான் நின்றேன். என்னிடம் பெட்டியைக் கொடுத்து, அப்பா இதைக் கீழே இறக்கிடுங்க என்றாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

நீ போனதிலிருந்து உன் அம்மா அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். சின்னவன் என்று பெயர் வேறு. அவன் தீனிக்குக் கணவாய் மீனை நகம் அளவுக்கு வெட்டுவதற்கு என் மீசைக் கத்தரிக்கோல் போய்விட்டது. எனக்கு ரெண்டு நாள் பல்வலி, கன்னம் வீங்கிக் கிடந்தேன், அதைக் கேட்க ஆளில்லை, ஆனால் சின்னவன் நாலு துண்டுக்குப் பதில் மூன்று துண்டு தின்றான் என்று எனக்குச் சாப்பாடு போடும்போது கவலையோடு சொன்னாள். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. அவள் வந்து முக்காலியில் உட்கார்ந்தால் போதும், படுத்திருந்தவன் எழுந்து வந்து கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொள்வான். நான் பக்கத்தில் போனால் கல் இடுக்குக்குள் நுழைந்து வாலை மட்டும் காட்டுவான். உன் வீடியோ காலில் எனக்குக் கிடைத்தது, அப்பா மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். அடுத்த வார்த்தை, அம்மா அவனைக் காட்டுங்க. ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், இருபத்திரண்டு நிமிடத்தில் அவனுக்குப் பதினாறு. தொட்டிக்குப் பக்கவாட்டில் நீ ஒட்டிவிட்டுப் போன பராமரிப்புத் தாளை நான் படிக்கவே இல்லை. எனக்குச் சொல்லிக்கொடுக்காத பாடத்தை நான் ஏன் படிக்க வேண்டும் என்கிற வீம்பு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் வெயில் மண்டையைப் பிளந்தபோது தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர் நின்றுவிட்டது. உன் அம்மா என்ன செய்தாள் தெரியுமா, வளர்ப்பு மீன் கடைக்காரருக்குப் போன் போட்டாள். குளிர்சாதனப் பெட்டி ரிப்பேர் செய்தே உன்னைப் படிக்க வைத்த மனுஷன் ரெண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறேன், அவள் போனில், எங்க சில்லர் ஓடலைங்க, யாராவது மெக்கானிக் தெரியுமா என்று கேட்கிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல். கடைக்காரர் உதிரிபாகம் வரப் பத்து நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார். அவள் பாட்டிலில் ஐஸ் வைத்து மாற்றி மாற்றித் தொட்டியில் மிதக்கவிட்டாள். நான் நேராகப் பட்டறைக்குப் போனேன். ஒரு பழைய வாட்டர் கூலரின் கம்ப்ரஸரை எடுத்தேன், புது காப்பர் ட்யூப் எடுத்து எங்கேயும் நசுங்காமல் பன்னிரண்டு சுற்று கையாலேயே வளைத்தேன். இந்த ஊரில் இன்னொருத்தன் அப்படி வளைத்துக் காட்டட்டும், நான் தொழிலை விட்டுவிடுகிறேன். பளபளவென்று இருக்கட்டும் என்று உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தும்விட்டேன். தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள், தொட்டித் தண்ணீர் சுற்றி வருகிற ஃபில்டர் பெட்டியில் அந்தச் சுருளை இறக்கி, கதவைச் சாத்தி, இது தொழில் ரகசியம், திறந்து பார்க்கக் கூடாது என்று உன் அம்மாவிடம் ஜம்பமாகச் சொன்னேன். உன்னிடமும் சொல்ல வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நானே காட்டுகிறேன் என்றேன். ஒரு தடவையாவது அந்தப் பதினாறு நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது.

சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்று இருந்த தண்ணீர் இருபத்தைந்துக்கு வந்துவிட்டது. உன் அம்மா விரலை விட்டுப் பார்த்தாள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள், “நீங்க இருக்கும்போது நான் எதுக்கு வெளிய ஆள் தேடினேன்” என்றாள். எத்தனை வருஷம் ஆயிற்று அவள் என்னிடம் அப்படிப் பேசி. அன்றைக்கு ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் சின்னவன் கணவாயைத் தொடவில்லை. மறுநாள் மூச்சு வேகவேகமாக வாங்கியது, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தான், அம்மா கண்ணாடியைத் தட்டியும் எழுந்து வரவில்லை. கடைக்காரர் வந்து தண்ணீரில் உப்பைப் பார்த்தார், அமிலத்தைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறதே, புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா முந்திக்கொண்டு, அந்த வாரம் வழக்கமான கடையில் கிடைக்காமல் வேறு இடத்தில் கணவாய் வாங்கியதைச் சொன்னாள். அப்படியானால் அது பழசாக இருந்திருக்கும் என்று அவரும் சொல்லிவிட்டார். என் கையாலேயே கொடுத்துட்டேனே என்று உன் அம்மா முக்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனதில் ஒரு மூலையில் லேசாக ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது, இவ்வளவு தாங்கியும் நீதானே கெடுத்தாய் என்று. அந்தப் புத்தியை என்ன சொல்ல.

கடைக்காரர் போன பிறகு சும்மா நிற்க முடியாமல் நீ ஒட்டிய தாளை முதல் தடவையாகப் படித்தேன். ஏழாவது வரி, சிவப்பு மையில், காப்பர் எந்த வடிவத்திலும் தண்ணீரில் படக் கூடாது, மீனுக்குப் போடுகிற மருந்தில் இருந்தால்கூட சுறா செத்துவிடும் என்று எழுதியிருந்தாய். என் வாழ்நாள் முழுக்கச் சோறு போட்ட உலோகம், மகளே. ஹால் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சுருளைக் கழற்றினேன். உப்புத் தண்ணீரில் நாலே நாளில் பச்சை பூத்திருந்தது. கம்ப்ரஸர் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று உன் அம்மாவிடம் ஒரு சப்பைக்கட்டு கட்டினேன். ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கிற வேறொரு மீன்கடைக்குப் போய், நம் கடைக்காரருக்குத் தெரியாமல், காப்பரை உறிஞ்சுகிற பொட்டலம் வாங்கி ஃபில்டரில் போட்டேன். ஒரு வாரம் தினமும் உப்பு கலந்து வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். இடுப்பு விட்டுப்போனது. உன் அம்மா ஐஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டே, உங்களுக்கும் அவன்மேல பாசம்தான், வெளிய காட்டிக்கிறதில்ல என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினேன் பார், அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

எட்டாம் நாள் அவன் தின்றான். என் கையிலிருந்துதான் தின்றான். உன் அம்மா இடுக்கியைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். “இனிமே என் கையால அவனுக்கு எதுவும் குடுக்க மாட்டேன், நீங்களே குடுங்க” என்றாள். அன்றிலிருந்து நான்தான் முக்காலியில் உட்காருகிறேன். இப்போது என்னைப் பார்த்தால் எழுந்து வருகிறான், மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொள்கிறான், நீயும் போன ஞாயிற்றுக்கிழமை, அப்பா நீங்கதான் அவனைக் காப்பாத்துனீங்க என்று என்னிடமே பேசினாய், கடிகாரத்தைப் பார்க்காமலே தெரிந்தது, பத்து நிமிடத்துக்குக் குறையாது. நான் ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. நான் அவனுக்குத் தீனி போடும்போது உன் அம்மா பால்கனியில் போய் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உள்ளே வா என்று கூப்பிட்டால், வேண்டாம், என் ராசி சரியில்லை என்கிறாள். அவள் ராசி என்ன செய்தது. அவள் வாங்கிய கணவாயில் ஒரு குற்றமும் இல்லை. நேற்று அவன் ஐந்து துண்டு தின்றான் என்று நான் சொன்னபோது, சரி என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணி மடித்தாள். ஒரு துண்டு குறைந்தாலும் ஊரைக் கூட்டுகிறவள்.

அவளிடம் நேராகச் சொல்ல நாலு தடவை வாயெடுத்தேன், ஒவ்வொரு தடவையும் வேறு எதையோ பேசிவிட்டேன். திட்டுவாளே என்று பயமில்லை, மீனோடு போட்டி போட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இப்படிச் செய்யப்போகிறேன். இந்தக் கடிதத்தை நானே ஒட்டித் தபாலில் போட மாட்டேன். அடியில் இடம் விட்டு, நீயும் நாலு வரி எழுதி ஒட்டிப் போட்டுவிடு என்று அவள் கையில் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவேன். நான் எழுதினதை ஒரு வரி விடாமல் படிப்பாள் என்று எனக்குத் தெரியும். இடம் காலியாகவே வந்திருந்தால் நீ உடனே உன் அம்மாவைக் கூப்பிடு, என்னை விசாரிக்காதே, அவளிடம் பேசு.

உதிரிபாகம் வந்து சில்லர் நன்றாக ஓடுகிறது, கவலைப்படாதே. காலையில் சாப்பிடாமல் போகாதே. வேலை முடிந்து வரும்போது தெரிந்த பாதையிலேயே வா. உடம்பைப் பார்த்துக்கொள், மற்றதெல்லாம் தானாக வரும். நீ எடுத்த காரியம் எல்லாம் நல்லபடியாக நடக்க என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா

என் செல்லத்துக்கு அம்மா எழுதுவது. படித்தேன். மூன்று தடவை படித்தேன். பழைய கணவாய் என்று எத்தனை நாள் என்னை அழவிட்டார், இப்போதைக்கு அவரோடு எனக்குப் பேச்சில்லை, எத்தனை நாளைக்கு என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. இடுக்கியை மறுபடி நானே எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஸ்பீக்கரை அணைத்து போனை முதலில் அவரிடம் கொடுக்கிறேன், பதினாறு நிமிடம் பேசு. மீனைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்காதே.