கோவிலில் அப்பா வாங்கிய அரிசி

செனாவாங்,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் புனிதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். மெல்பர்னில் நீயும் மாப்பிள்ளை முகுந்தனும் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தோட்டத்து மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ நாலு வார்த்தை சொல்லிவிட்டு, "ஓகேம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். இதை அப்படிப் பாதியில் வெட்ட முடியாது, முழுவதும் படி. முழங்கால் வலி முன்னைப் போலத்தான், நீ அனுப்பிய எண்ணெய் நல்ல வாசனை, வலிக்குத்தான் ஒன்றும் செய்யவில்லை. வாசல் ரம்புத்தான் இந்த வருடம் ஏமாற்றிவிட்டது, காய்த்ததையும் குரங்கு தின்றுவிட்டது. பக்கத்து வீட்டுச் சந்திரன் மகனுக்கு சுங்கை காடுட்டில் வேலை நிரந்தரமாகிவிட்டது, புது மோட்டார் சைக்கிள் எடுத்து நம் தாமான் தெருக்களையே அலற வைக்கிறான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் எவனோ போலீஸ் என்று போன் செய்து அப்பாவின் சேமநிதிப் பணத்தை உருவப் பார்த்தபோது நீ பதறி ஓடி வந்தாய். கணக்கில் உன் பெயரையும் சேர்த்து, உன் போனில் நீ சரி என்று சொன்னால்தான் பணம் வெளியே வரும் என்று மாற்றினாய். நல்லதுக்குத்தான் செய்தாய், அதை நான் என்றும் மறுக்க மாட்டேன். அப்பாவும் பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். ஆனால் அதோடு நிறுத்தினாயா? உங்கள் வீட்டு மாதச் செலவை நீயும் மாப்பிள்ளையும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டுப் பார்ப்பது போல எங்கள் வீட்டுக்கும் கட்டம் போட்டாய். தேவை ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம், சேமிப்பு ஒரு பக்கம். மாதம் பிறந்தால் ஒரு தொகை வரும், வாங்கின ஒவ்வொன்றுக்கும் ரசீதைப் படம் பிடித்து நான் உனக்கு அனுப்ப வேண்டும். பாசாரில் மீன்காரன் ரசீது தருவானா? மீனைத்தான் படம் பிடித்து அனுப்பினேன், நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

கணக்குப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டின காலத்திலும், தோட்டம் கைமாறிய பிறகு தொழிற்சாலையில் போர்மேனாக இருந்த காலத்திலும் கணக்குப் பார்த்துத்தான் உன்னை மெல்பர்னில் படிக்க வைத்தோம். ஆனால் எவ்வளவு இழுபறியான மாதத்திலும் அப்பா கையில் கொஞ்சம் இருக்கும், அது என்ன ஆயிற்று என்று நான் கேட்டதே இல்லை. அது அவர் மனுசனாக வெளியே போய் வருவதற்கான காசு. உங்கள் இருவர் சம்பளத்துக்கும் குறை இல்லை, இரண்டு கார் இருக்கிறது, நாய்க்கு முடி வெட்ட ஒரு கட்டம் இருக்கிறது. வெட்டுங்கள், வாயில்லா ஜீவன், நன்றாக இருக்கட்டும். அப்பா தேத்தண்ணிக்கு மட்டும் ஏன் கட்டம் இல்லை என்றுதான் எனக்கு வயிறு எரிகிறது.

உனக்குத் தெரியும், ரெம்பாவ் தோட்டத்திலிருந்து இங்கே வந்த நாலு பேர் வாரத்தில் நாலு நாள் காலையில் சாலையோர ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடிக்க உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு நாள் முறை, அன்றைக்கு அவர்தான் எல்லாருக்கும் காசு கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை அப்பா முறை. மார்ச் மாதம் நீ போனில், "வெளிய சாப்பிடறது ஓவராப் போச்சுப்பா, டீ வீட்டுலயே போட்டுக் குடிங்கலா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அந்த மனுசர் மறுவாரத்திலிருந்து போகவே இல்லை. தன் முறை வரும்போது கொடுக்க முடியாதென்றால் மற்றவன் முறையில் எப்படிக் குடிப்பது? கேட்டவர்களுக்கு வயிறு சரியில்லை என்றார். வீட்டுச் செலவிலிருந்து நான் எடுத்து நீட்டினேன், அது மீன் காசு, கணக்கில் இடிக்கும் என்று வாங்கவில்லை. காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போவார், நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து டிவியைப் போடுவார். கோவில் திருவிழாவில் வருடா வருடம் நம் குடும்பம் செய்கிற அன்னதானமும் இந்த வருடம் ஆசைப் பக்கத்தில் போய் விழுந்து நின்றுவிட்டது. ஊர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

போன ஞாயிறு கோவிலில், தீபாவளிக்கு வசதியில்லாத குடும்பங்களுக்கு அரிசி, எண்ணெய், மாவு கொடுத்தார்கள். மைக்கில் அமிர்தலிங்கம் என்று கூப்பிட்டார்கள். இத்தனை வருடம் அன்னதானம் செய்தவர்களுக்குத் துண்டு போர்த்துகிறார்களோ என்று நினைத்து நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பார்த்தால் உன் அப்பா கையில் அரிசி மூட்டையைக் கொடுக்கிறார்கள். பெயரைக் கொடுத்தது நல்லசாமி மாமா. கூட டீ குடித்த மனுசன், நாம் நொடித்துப்போய்விட்டோம், வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம் என்று எண்ணிப் பாசத்தில் செய்திருக்கிறார், அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை. அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கினார். தலைவர் பக்கத்தில் நின்று படத்துக்குச் சிரித்தார். அந்தப் படம் கோவில் வாட்ஸ்அப்பில் தாமான் முழுக்கப் போனது. நாம் வாங்கினதால் எந்த வீட்டுக்கு இல்லாமல் போனதோ, அந்தப் பாவம் வேறு.

காரில் ஏறியதும் நான் பிடித்துக்கொண்டேன், உமக்கு வாயில்லையா என்று. அவர், "வேணாம்னு சொன்னா, அப்ப ஏன்யா கடைக்கு வரலன்னு கேப்பாங்க. நான் என்னா சொல்றது? என் காசு எம்மவகிட்ட இருக்கு, கேட்டா கணக்குக் கேக்குறான்னா? புள்ள பேரு கெட்டுரும்லா. நீ வாயத் தொறக்காத" என்றார். கேட்டாயா புனிதா? உன் பெயருக்காக அவர் அரிசி வாங்கினார்.

நான் பொறுத்துத்தான் பார்த்தேன். புதன்கிழமை நல்லசாமி மாமாவின் வீட்டுக்காரி முத்தாயி ஒரு புடவையோடு வந்தாள். "பழசு இல்லக்கா, கடையில எடுத்ததுதான், தீவாளிக்குக் கட்டிக்குங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை, பணம் வங்கியில் இருக்கிறது, மகள்தான் விட மாட்டேன் என்கிறாள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கத் தெரிந்துவிட்டது. சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை, நீ கோபப்பட்டால் பட்டுக்கொள். ஆனால் அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போய்விடுகிறார். ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "அத்தன பேரு முன்னால நான் ஏழையா நின்னேன், அது போவட்டும். நீ எம்மவளக் கொண்டுபோய் நிக்க வச்சிட்டியே" என்றார்.

வங்கியில் போய் மாற்றிவிடலாம் என்று கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார், உன் மனசு நோகுமாம். அதனால் இதை நீதான் செய்ய வேண்டும். தீபாவளிக்கு முன்னால் அவர் பணத்தை அவர் கைக்கு விடு. திருட்டுப்பயல்களுக்கு வேண்டுமானால் காவல் வை, அவர் தேத்தண்ணிக்கு வைக்காதே. உனக்கும் ஒன்று சொல்கிறேன், உங்கள் வீட்டிலும் மாப்பிள்ளைக்குக் கொஞ்சம், உனக்குக் கொஞ்சம், யாரும் கேள்வி கேட்காத காசு இருக்கட்டும். போன மாதம் மாப்பிள்ளை காலுக்கு வாங்கின சப்பாத்து விலைக்காகப் போனில் என் காதுபடவே சண்டை போட்டீர்கள். அத்தனை சம்பளம் வாங்கும் வீட்டுக்கு அது அழகில்லை.

அம்மன் உனக்குக் குறைவில்லாத வாழ்வைக் கொடுக்கட்டும், மடியில் ஒரு பிள்ளையும் கொடுக்கட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். எனக்குப் போன் செய்ய வேண்டாம், அப்பாவுக்குச் செய். தனக்கு ஒரு குறையும் இல்லை, நீ செய்தது சரிதான், அம்மாதான் பெரிதாக்கிவிட்டாள் என்று அவர் சொல்வார். அதை நம்பி நிம்மதியாக இருந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் பாசமும் குறையாத அம்மா,
அ. பஞ்சாலை